அடமான வழக்கில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதை நீக்கக் கேட்ட மனுவும் தள்ளுபடி: இனி மேல்முறையீடு எப்படி?

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் பாரூர் பக்கம், போச்சம்பள்ளி தாலுகா. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

2009-ல் அப்பா நார் மில் போடுவதற்காக அரசு சார்ந்த ஒரு நிதி நிறுவனத்தில் 3 லட்சம் கடன் வாங்கினார். ஊரில் இருக்கும் 1 ஏக்கர் 20 சென்ட் நிலமும் அதில் உள்ள வீடும் அடமானம். நிலத்தில் பாதி அம்மா பெயரில் இருப்பதால் அம்மாவும் கைநாட்டு வைத்தார். மூன்று வருஷம் தவணை ஒழுங்காகப் போனது. 2012-ல் இருந்த மின்வெட்டு உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் மில்லை ஓட்ட முடியவில்லை. ஆட்கள் நின்றுவிட்டார்கள், தவணையும் நின்றது. 2013 சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர் வந்துவிட்டோம்.

2014-ல் அந்த நிறுவனம் சார்பு நீதிமன்றத்தில் அப்பா, அம்மா இரண்டு பேர் மேலும் அடமான வழக்குப் போட்டிருக்கிறது. சம்மன் ஊர் முகவரிக்கே போயிருக்கிறது. கதவு பூட்டியிருந்தது, ஒட்டிவிட்டு வந்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் நாளிதழில் விளம்பரம். 2015-ல் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நாங்கள் வராமலே, பாக்கியைக் கட்டச் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, 2017-ல் சொத்தை விற்கச் சொல்லும் இறுதித் தீர்ப்பாணை. அப்பா 2018-ல் தவறிவிட்டார். 2023 ஆகஸ்டில் நிலத்தை ஏலம் விடக் கேட்கும் நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் ஓசூர் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குத்தான் இப்படி ஒரு வழக்கு நடந்து முடிந்ததே எங்களுக்குத் தெரியும்.

நோட்டீஸ் வந்த 24-வது நாள் மனு போட்டோம். வக்கீல் இரண்டு மனு போட்டார். ஒன்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்க. இன்னொன்று 2,960 நாள் தாமதத்தை மன்னிக்க. இரண்டையும் ஒரே உத்தரவில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாளிதழ் விளம்பரமே போதுமான அறிவிப்பு, எட்டு வருஷத் தாமதத்துக்கு ஏற்கும்படியான காரணம் இல்லை என்பதுதான் உத்தரவின் சாரம்.

உத்தரவு வந்து 19 நாள் ஆகிறது. கடன் வாங்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறது, அதைக் காட்ட ஒரு வாய்ப்புத்தான் கேட்கிறோம். மேல்முறையீடு உண்டா, எந்தக் கோர்ட், எத்தனை நாளுக்குள்? அதற்குள் ஏலம் விட்டுவிடுவார்களா?

பாலக்கோட்டான் எழுதியது:

நண்பரே, விவசாய நிலமா? அப்படியானால் கவலையே வேண்டாம். 2002-ல் வந்த சர்பாசி சட்டத்தில் 31-வது பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. விவசாய நிலத்தை ஏலம் விடவே முடியாது. இதைச் சொன்னாலே வழக்கு முடிந்துவிடும்.

ஓய்வு சிரஸ்தார் எழுதியது:

பாலக்கோட்டுத் தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் இந்த வழக்குக்கு அது பொருந்தாது. சர்பாசி சட்டம் என்பது கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி தானாகச் சொத்தை எடுக்கும் வழி. அந்த வழியில்தான் விவசாய நிலத்தைத் தொடக்கூடாது. இங்கே சிவில் கோர்ட்டில் முறையாக அடமான வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள். அப்படி வாங்கிய தீர்ப்பை வைத்து விவசாய நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். இதை நம்பி 30 நாளைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

30 நாள் என்றேன் அல்லவா, அதுதான் உங்கள் கெடு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்க மறுக்கும் உத்தரவின் மேல் மேல்முறையீடு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 43, விதி 1, உட்பிரிவு டி. இதை சி.எம்.ஏ. என்பார்கள், உரிமையியல் இதர மேல்முறையீடு. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். எது என்பது வழக்கின் மதிப்பைப் பொறுத்தது. நீங்கள் சொல்லும் தொகைக்கு மாவட்ட நீதிமன்றமாகத்தான் இருக்கும், வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டாயிற்றா? நகல் தயாராக எடுத்துக்கொள்ளும் நாட்கள் கெடுவில் கழியும். ஆனால் நீங்கள் நகல் மனு போடாமல் சும்மா இருந்த நாட்கள் கழியாது. நான் 30 வருஷத்துக்கு மேல் கோர்ட் ஆபீசில் இருந்தவன். நல்ல வழக்குகள் நகல் மனு போடுவதில் காட்டிய அசட்டையால் செத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. உத்தரவு வந்த நாலாவது நாளே வக்கீல் நகல் மனு போட்டுவிட்டார். நகல் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

ஓசூர் லேத் எழுதியது:

ஒரு சந்தேகம். போர்குளோஷர் வழக்கு என்று சொல்வது இதைத்தானா? என் வங்கியில் போர்குளோஷர் என்றால் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது என்கிறார்கள்.

கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

நம்ம ஊர் வங்கிகளில் அந்த அர்த்தத்தில்தான் பேசுகிறார்கள், அதனால் குழப்பம் வருகிறது. 1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அடமானம் வைத்தவருடைய மீட்பு உரிமையை அடியோடு அடைத்துவிடுவது என்று பொருள். சாதாரண அடமானத்திலோ, பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானத்திலோ கடன் கொடுத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. சொத்தை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளத்தான் வழக்குப் போட முடியும். அதனால்தான் ஏலம் வருகிறது. இது வெறும் சொல் விளக்கம் இல்லை, அந்த அம்மாவுக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. ஏலம் நடந்த பிறகும்கூட, அந்த விற்பனையைக் கோர்ட் உறுதி செய்யும் வரை, முழுத் தொகையையும் ஏலம் எடுத்தவருக்குச் சேர வேண்டிய 5 சதவீதத்தையும் கட்டி நிலத்தை மீட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 34, விதி 5. கடைசிக் கதவாக இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சிரஸ்தார் ஐயா சொன்னது சரி, சி.எம்.ஏ.தான். சீராய்வு மனு, அதாவது கீழ்க்கோர்ட் உத்தரவைச் சரிபார்க்க உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் சி.ஆர்.பி., போடச் சொல்லி யாராவது அழைத்தால் யோசியுங்கள். தாமத மனு மட்டும் தள்ளுபடியாகி, பிரதான மனுவுக்கு இன்னும் எண்ணே தராத நிலையில் பலர் சி.ஆர்.பி.க்குப் போகிறார்கள். உங்கள் வழக்கில் நீக்கக் கோரிய மனுவே தள்ளுபடி. சட்டத்திலேயே மேல்முறையீடு இருக்கும்போது அதைவிட்டுச் சீராய்வுக்குப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. தவறான வாசலில் நின்று ஒரு வருஷம் போய்விட்டால் அதற்குள் நிலம் கைமாறிவிடும்.

அடுத்து, மேல்முறையீடு போட்டதாலேயே ஏலம் நிற்காது. இதைத் தனிவரியாகவே சொல்கிறேன். நிறுத்தி வைக்கும் உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அரூர் மஞ்சள்காடு எழுதியது:

அந்தத் தனிவரியை நான் ஆறு வருஷம் முன்னால் படித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. என் மாமனாருக்கு இதே மாதிரி ஒரு வழக்கு. மேல்முறையீடு எண் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று மஞ்சள் அறுவடையைப் பார்க்கப் போய்விட்டோம். தடை மனு போடவில்லை. ஏலம் நடந்தது. எடுத்தவர் அன்றைக்கே கால் பங்கு கட்டினார், பாக்கி முக்கால் பங்கை 15 நாளில் கட்டினார். 60 நாளுக்குள் ஆட்சேபம் போட வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அந்த 60-வது நாளும் போன பிறகுதான் ஊரில் ஒருவர் வந்து, உங்கள் காட்டை அளக்கிறார்களே என்று கேட்டார். மாமனார் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பஸ்ஸில் போனால்கூட அந்த வளைவு வரும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

தம்பி, மேல்முறையீடும் தடை மனுவும் ஒரே நாளில் போடுங்கள். தடை உத்தரவின் நகலை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போய் ஏலக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள்.

ஓய்வு சிரஸ்தார் எழுதியது:

நேற்று ராத்திரி முழுக்க இதே நினைப்பு. காலையில் சட்டப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன். இந்த வழக்கின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது, அதை உங்கள் மனுவில் யாரும் தொடவில்லை என்று தோன்றுகிறது.

1963 காலவரையறைச் சட்டத்தில் 123-வது இனம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள். எந்த நாளிலிருந்து? சம்மன் முறையாகச் சார்வு செய்யப்பட்டிருந்தால், அதாவது பிரதிவாதியிடம் சேர்க்கப்பட்டிருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து. முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றி மனுதாரருக்குத் தெரியவந்த நாளிலிருந்து. அதற்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. கட்டளை 5, விதி 20-ன்படி செய்யும் பதிலிச் சார்வை, இந்த இனத்தைப் பொறுத்தவரை, முறையான சார்வாகக் கருதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாளிதழ் விளம்பரம் என்பது அந்தப் பதிலிச் சார்வுதான்.

அப்படியானால் உங்கள் 30 நாள் தொடங்கியது 2015-ல் இல்லை, 2023 ஆகஸ்டில் நோட்டீஸ் கைக்கு வந்த நாளில். நீங்கள் மனு போட்டது 24-வது நாள். தாமதமே கிடையாது! 2,960 நாள் என்று உங்கள் தரப்பே எழுதிக் கொடுத்ததால் கோர்ட் அந்த எண்ணைப் பார்த்துத் திகைத்திருக்கிறது. எட்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வியே எழுந்திருக்கக் கூடாது.

கெடு எப்போது தொடங்கியது என்பது சட்டப் பிரச்சினை. கீழ்க்கோர்ட்டில் சொல்லவில்லை என்பதற்காக மேல்முறையீட்டில் வாயை அடைத்துவிட முடியாது. முதல் காரணமாகவே இதை எழுதச் சொல்லுங்கள். தாமத மனுவே தேவையில்லாதது, அதைக் கைவிடுகிறோம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

ஐயா, இதை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் இனத்தின் எண்ணைப் பார்க்கிறோம், அடியில் இருக்கும் விளக்கத்தைப் படிப்பதில்லை. முதல் காரணமாக அதைத்தான் வைக்க வேண்டும், மாற்றுக் கருத்தே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தாமத மனுவைக் கைவிட வேண்டாம். தாமதம் இல்லை என்பது முதல் வாதம். ஒருவேளை இருப்பதாகக் கோர்ட் நினைத்தால் மன்னிக்கப் போதிய காரணம் உண்டு என்பது மாற்று வாதம். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஊரைவிட்டு வந்தவர், கணவரை இழந்தவர். 1987-ல் நில எடுப்பு இழப்பீடு பற்றிய ஒரு வழக்கில் அரசே நாலு நாள் தாமதமாக மேல்முறையீட்டுக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை மன்னித்து, நுட்பத்தைவிட நியாயம் முக்கியம் என்ற கருத்தைத் தெளிவாக வைத்தது. அரசுக்குக் கிடைத்த அந்த இரக்கத்தை அரசு நிறுவனம் வழக்குப் போட்ட ஒரு கிராமத்து அம்மாவுக்கும் கேட்கலாம். ஆனால் நாலு நாள் வேறு, எட்டு வருஷம் வேறு. அதனால் இது இரண்டாவது வாதமாகவே இருக்கட்டும்.

வழக்குக் கட்டைப் பார்வையிட மனு போடுங்கள். சம்மனைக் கொண்டுபோன கோர்ட் ஊழியர், அதாவது அமீனாவின் அறிக்கையைப் பாருங்கள். கதவில் ஒட்டினால், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார்கள் என்று பெயரும் முகவரியும் எழுத வேண்டும், கட்டளை 5 விதி 17. அந்த அறிக்கைக்குப் பிரமாண வாக்குமூலம் இல்லை என்றால், அமீனாவைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரித்திருக்க வேண்டும், விதி 19. எத்தனையோ கட்டுகளில் ‘வீடு பூட்டு, ஒட்டப்பட்டது’ என்ற இரண்டே சொல்தான் இருக்கும்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது:

ஐயா, மேடம், உங்கள் பதிவுகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தாமதமே இல்லை என்ற இடம் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று எங்களுக்குச் சாதகம். 2013 டிசம்பரில் அந்த நிறுவனம் அனுப்பிய ஒரு பாக்கிக் கடிதம் இருக்கிறது. உறையில் எங்கள் ஓசூர் முகவரி, தபால் முத்திரையோடு! கடிதம் அனுப்ப ஓசூர் முகவரி தெரிந்திருக்கிறது, சில மாதம் கழித்து வழக்குப் போடும்போது மட்டும் ஊர் முகவரி. இந்த உறையைக் கீழ்க்கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை. ரேஷன் கார்டு நகலைத்தான் வைத்தோம்.

இன்னொன்று பாதகம். மறைக்க மனம் வரவில்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 2016-ல் வந்த ஒரு கடிதம் கிடைத்தது. ‘உங்கள் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது, உடனே நேரில் வரவும்’ என்று ஒரு வரி. அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம் வடகிழக்கு மழையே பெய்யவில்லை, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அறிவித்தார்கள். மில் போன பிறகு மிச்சமிருந்த தென்னைதான் அவருடைய நம்பிக்கை. அதுவும் குருத்து காய்ந்து நின்றது. யாரிடமும் பேசாமல் இருந்தார். இதையும் ஒருவேளை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் போலிருக்கிறது. இந்தக் கடிதம் எங்களைக் கெடுத்துவிடுமா? வக்கீலிடம் சொல்லலாமா?

கிருஷ்ணகிரி வக்கீல் எழுதியது:

இன்றைக்கே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு அலுவலகக் கோப்பில் அதன் நகல் கட்டாயம் இருக்கும். அவர்கள் எடுத்து நீட்டும்போது உங்கள் வக்கீலுக்கு அது புதிதாக இருந்தால், உண்மையான வாதத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அந்தக் கடிதம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. நடவடிக்கை என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறது. எந்தக் கோர்ட், என்ன எண், எவ்வளவு தொகைக்குத் தீர்ப்பு, ஒன்றும் இல்லை. தீர்ப்பைத் தெரிந்திருப்பது என்றால் எங்கோ ஏதோ தீர்ப்பாம் என்ற காற்றுவாக்குச் செய்தி போதாது, குறிப்பிட்ட அந்தத் தீர்ப்பைத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. கட்டளை 9 விதி 13-ல், சம்மனில் குறை இருந்தாலும் விசாரணை நாள் தெரிந்திருந்து வரப் போதிய நேரமும் இருந்தால் தீர்ப்பை நீக்க முடியாது என்று ஒரு வரையறை உண்டு. 2016 கடிதமோ 2015 முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு வந்தது. அந்த விசாரணை நாளை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்ததாக ஆகாது. அம்மா தனியாக இரண்டாம் பிரதிவாதி. நிலத்தில் பாதி அவர் பெயரில். அவருக்கென்று தனி சம்மன் சார்வாகியிருக்க வேண்டும். மேல்முறையீட்டில் அம்மாவை முன்னால் நிறுத்துங்கள். பணயமாக வைத்த சொத்து ஒன்றாக இருப்பதால், அம்மா அளவில் மட்டும் தீர்ப்பை நீக்க முடியாது என்று கோர்ட் கருதினால் மற்றவர்கள் அளவிலும் சேர்த்து நீக்கவும் அதே விதியில் இடம் உண்டு.

தபால் உறையைக் கூடுதல் ஆவணமாக ஏற்கக் கேட்டுத் தனி மனு போட வேண்டும், கட்டளை 41 விதி 27. ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்பார்கள். பெட்டியில் இருந்தது, பிறகுதான் கண்டோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பாலக்கோட்டான் எழுதியது:

சிரஸ்தார் ஐயா திருத்தியதற்கு நன்றி, தப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும், அதைச் சொல்கிறேன். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீலும் வைத்துத் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். என் அக்காவுக்கு அப்படித்தான் வழக்கு நடந்தது.

ஓசூர் லேத் எழுதியது:

தாசில்தார் மூலமாக வசூல் நோட்டீஸ் வருகிறதே, அதற்கும் இதே வழிதானா?

ஓய்வு சிரஸ்தார் எழுதியது:

இல்லை. அது 1864-ம் வருஷ வருவாய் வசூல் சட்டத்தின்படி வருவது, அதில் கோர்ட் தீர்ப்பே இருக்காது. தனி இழையாகத் தொடங்குங்கள், தெரிந்ததை எழுதுகிறேன்.

மேடம் சொன்ன மாற்று வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், அதுவே பாதுகாப்பு. பாரூர் தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பின் மேலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-வது பிரிவில் முறையான மேல்முறையீடும் போடலாம். வட்டிக் கணக்கு, கட்டிய ரசீது எல்லாம் அங்கே பேசலாம். ஆனால் அந்த மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டால் விதி 13 வழி மூடிவிடும். அதனால் எதை எப்போது என்று வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சி.எம்.ஏ.வும் தோற்றால் அதன் மேல் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மட்டும்தான். இந்த ஒரு மேல்முறையீட்டை முழுமையாகத் தயார் செய்யுங்கள்.

பாரூர் ஏரிக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நகல் கிடைத்த ஆறாவது நாள் மாவட்ட நீதிமன்றத்தில் சி.எம்.ஏ., தடை மனு, கூடுதல் ஆவண மனு மூன்றும் தாக்கலாகிவிட்டன. அம்மாதான் முதல் மேல்முறையீட்டாளர். பழைய வக்கீலிடமே போனோம். 123-வது இனத்தின் விளக்கத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு இதை முதல் பக்கத்திலேயே வைப்போம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 2016 கடிதத்தையும் கொடுத்துவிட்டேன்.

வழக்குக் கட்டையும் பார்த்தோம். அமீனா அறிக்கையில் சாட்சி பெயர் எதுவும் இல்லை. அம்மாவுக்கென்று தனியாக ஒட்டியதாகவும் இல்லை, ஒரே ஒரு ஒட்டுதல்தான்.

போன வாரம் இடைக்காலத் தடை கிடைத்தது. 60,000 ரூபாய் கோர்ட்டில் கட்ட வேண்டும், நாலு வாரம் அவகாசம். என் தங்கை தன் சீட்டுப் பணத்தைத் தருகிறேன் என்றிருக்கிறாள், மீதியை நான் கம்பெனியில் முன்பணமாகக் கேட்டிருக்கிறேன். அரூர் அண்ணன் சொன்னபடி தடை உத்தரவின் நகலை நானே கொண்டுபோய் ஏலக் கோர்ட்டில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். போச்சம்பள்ளி சந்தையில் இறங்கி, ஒரு புதுப் பூட்டு வாங்க வேண்டும். பழைய பூட்டு துருப்பிடித்துத் திறக்கவே வரவில்லை என்று பக்கத்து வீட்டுச் சித்தப்பா போனில் சொன்னார்.

அரூர் மஞ்சள்காடு எழுதியது:

60,000 கட்டிய ரசீதையும் மறக்காமல் இரண்டு கோர்ட்டிலும் தாக்கல் செய்யுங்கள் தம்பி. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.